ஊருணிப் பாசியும் உப்புத் தொட்டிப் பாசியும்

என் வீட்டுக் கடல் மீன் தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் மேலே ஓடும் கோமாளி மீனைப் பார்த்து "நீமோ" என்பார்கள், அதோடு சரி. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தர்தான் கீழே இருக்கும் மரக்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே இன்னொரு சின்னத் தொட்டி உண்டு. அதில் மீன் கிடையாது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் மாதிரி ஒரு பாசி, பந்து பந்தாக, விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகப் புரண்டுகொண்டிருக்கும்.

"மேல பளிங்காட்டம் இருக்கு, கீழ ஏந்தம்பி இப்பிடிப் பாசி புடிச்சுக் கெடக்கு? கழுவப்படாதா?"

"பாசி புடிக்கல ஆச்சி, நாந்தான் வளக்குறேன். அதுதான் தண்ணியச் சுத்தம் பண்ணுது."

"பாசியா? தண்ணியவா?" என்று சிரித்துவிட்டு, "ஊருணியில பாசி ஏறுச்சுன்னா தண்ணி கெட்டுப்போச்சுன்னுதான் நாங்க சொல்லுவோம்" என்றார்.

ஆச்சி சொன்னது சரி. நான் சொன்னதும் சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு உட்கார்ந்து படிக்கப் படிக்க, நான் சொன்னதில் பாதிதான் சரி என்று புரிந்தது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. லண்டனில் தொடங்கி, மொனாக்கோ வழியாக, நம்ம பாக் நீரிணையில் வந்து நிற்கிற கதை.

முதலில் அந்தக் கீழ்த்தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். உப்புநீர் மீன் வளர்ப்பவர்கள் அதை ரெஃபியூஜியம் என்பார்கள். புகலிடம் என்று பொருள் தரும் லத்தீன் சொல். மீன் கடிக்க முடியாத இடத்தில் பாசியும் பொடி உயிர்களும் நிம்மதியாக வளரட்டும் என்று தனியே ஒதுக்கிய அறை. மேல் தொட்டித் தண்ணீர் வழிந்து இதற்குள் வந்து, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே போகும். இதன் விளக்கைப் பெரும்பாலும் ராத்திரியில் எரியவிடுவார்கள். மேல் தொட்டி இருட்டில் இருக்கும்போது அதில் கரியமில வாயு ஏறி, தண்ணீரின் காரத்தன்மை இறங்கும். அந்த நேரத்தில் கீழே பாசி வெளிச்சத்தில் வேலை செய்தால், இறக்கம் கொஞ்சம் மட்டுப்படும்.

ஆனால் பாசியை வைப்பதற்கு முக்கியக் காரணம் நைட்ரேட். மீனுக்குத் தீனி போடுகிறோம். மீன் அம்மோனியாவாகக் கழிக்கிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். காற்றோட்டமுள்ள தண்ணீரில் கதை அங்கேயே நின்றுவிடும். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும், கூடவே தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும். கடற்கரை ஊர்க்காரர் என்றால் வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை மாற்றிவிடலாம். நான் இருப்பது காரைக்குடி. சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர், ஆனால் உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போக வேண்டும். (சங்கப் பாடல்களில் வரும் சேரர் தொண்டி இது இல்லை, அது மேற்குக் கரை. இது பாண்டி நாட்டுத் தொண்டி.) கேன் கேனாகத் தூக்கிக்கொண்டு வருவது ஒரு தடவை நன்றாக இருக்கும். மாதாமாதம் முடியாது. அதனால்தான் பாசி.

இந்தப் பாசி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தினம் 2 கிராம் தீனி. அதில் புரதம் 40 சதவீதம். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் நைட்ரஜன் கிடைக்கும். நாளுக்குச் சுமார் 0.13 கிராம், மாதத்துக்கு 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கால் பங்கை மீன் தன் உடம்பில் வைத்துக்கொண்டால், தண்ணீருக்கு வருவது ஏறக்குறைய 3 கிராம். இன்னொரு பக்கம், ஈரப் பாசி ஒரு கிலோவில் தண்ணீர் போக உலர் எடை 100 கிராம் என்று வைத்தால், அதில் 3 சதவீதம் நைட்ரஜன், அதாவது 3 கிராம். கணக்கு நேராகிவிட்டது. மாதம் ஒரு கிலோ பாசி. அதை எடுக்காமல் விட்டால், அந்த 3 கிராம் நைட்ரஜன் 13 கிராம் நைட்ரேட்டாகும். 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 66 மில்லிகிராம். பவளம் வளர்க்கிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டாலே பதறுவார்கள்.

"எடுக்காமல் விட்டால்" என்று எழுதினேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பாசி நைட்ரேட்டை அழிப்பதில்லை, தன் உடம்பில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்த உடம்பு தொட்டிக்குள்ளேயே கிடந்து அழுகினால், வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். கையை விட்டு ஒரு கிலோவை வெளியே எடுக்கிறேனே, அந்த நொடியில்தான் தண்ணீர் சுத்தமாகிறது. ஊருணியில் தூர் வாரி, வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனவர்கள் செய்ததும் இதேதான். குளத்துக்கு அழுக்கு, வயலுக்கு உரம்.

இதைக் கண்டுபிடிக்க வெளியுலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு கண்ணாடித் தொட்டியில் பொன்மீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் நத்தையையும் போட்டு, தண்ணீரை மாற்றாமலே வாழவைத்துக் காட்டினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி வாங்கும், செடி விடும் பிராணவாயுவை மீன் வாங்கும், அழுகும் இலையை நத்தை தின்னும். அடுத்து இதையே கடல்நீரில், செடிக்குப் பதில் பச்சைக் கடற்பாசியை வைத்துச் செய்து பார்த்தார். அதே சமயத்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளரும் இதில் இறங்கியிருந்தார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தது, மறு வருஷம் காஸின் புத்தகம் வந்தது. பணக்கார வீடுகளின் வரவேற்பறையில் எல்லாம் கடல் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர்கள் பார்த்தது முழுக்க மூச்சுக் கணக்கு. நைட்ரஜன் கணக்கை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது, அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது 1890-ஐ ஒட்டித்தான். "சமநிலைத் தொட்டி" என்று அவர்கள் பெருமையாகச் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது. தீனி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெளியே எதுவுமே போகவில்லை. அப்படி இருக்கும்போது எங்கிருந்து சமநிலை வரும்? வெயிலில் வைத்த தொட்டிகள் பச்சைக் குழம்பாயின, பாசி செத்தது, மீனும் செத்தது. பொதுக் காட்சிசாலைகளைக் கட்டிய வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் வேறு வழிக்குப் போனார். 1871-ல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் காட்சிசாலையில், தரைக்கடியில் இருட்டான பெரிய நீர்த்தேக்கம் கட்டி, இயந்திரம் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டார். பாசிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதற்கப்புறம் ரொம்ப காலத்துக்குக் கடல் தொட்டி என்றால் பம்பும் மணலும்தான், பாசி என்றால் சுரண்டிப் போட வேண்டிய குப்பைதான். 1909-ல் சென்னை மெரினாவில் இந்தியாவின் முதல் மீன் காட்சிசாலை வந்தபோது, அக்கரையில் அது பழைய விஷயமாகிவிட்டிருந்தது.

பாசியைத் திரும்பக் கூப்பிட்டவர்களில் முதலில் என் கண்ணில் படுபவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். 1961-ல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி, இவ்வளவுதான் என் முறை என்று எழுதினார். வெப்ப மண்டலத்து வெயிலும் பக்கத்திலேயே பவளக் கடலும் இருந்தவருக்கு அது எளிதாக வந்தது. குளிர்நாட்டுக்காரர்கள் செய்து பார்த்தபோது பலருக்கும் வரவில்லை.

கணக்கைச் சரியாகப் போட்டவர் வால்டர் ஏடி, ஸ்மித்சோனியன் நிறுவனத்து ஆய்வாளர். கரீபியன் பவளத்திட்டுகளில் வேலை பார்க்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். அலை அடிக்கும் இடத்தில் அரை விரல் உயரத்துக்குப் புல்தரை மாதிரி படர்ந்திருக்கும் பொடிப் பாசி, மேயப்படுகிற வேகத்துக்கு ஈடாகத் திரும்ப வளர்ந்துகொண்டே இருக்கிறது. மேய்கிறவர் இல்லாவிட்டால் அந்த வேகம் படுத்துவிடும். அப்படியென்றால் தொட்டியில் மேய்கிற வேலையை நாமே செய்தால்? ஒரு தட்டு, அதன் மேல் வலை, பலத்த விளக்கு, அலை மாதிரி அடிக்கடி கவிழும் வாளி. வலையில் பாசி படர்ந்ததும் எடுத்துச் சுரண்டி, திரும்ப மாட்ட வேண்டும். 1980-ல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இந்த முறையில் ஓடும் பவளத்திட்டுத் தொட்டி மக்கள் பார்வைக்கு வந்தது. 1982-ல் காப்புரிமை வாங்கினார். 1991-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் எட்டுப் பேரை உள்ளே வைத்துப் பூட்டிய பயோஸ்பியர் 2 கண்ணாடி உலகத்தின் குட்டிக் கடலுக்கும் இதே பாசித் தட்டுகள்தான். அங்கே சுரண்டுகிற வேலையும் உள்ளே இருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

ஏடியின் கருவிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே "தேய்க்கிறவர்" என்ற சொல் இருக்கிறது. பாசி தேய்க்கிறது என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். எனக்கென்னமோ அந்தப் பட்டம், வலையைச் சுரண்டுகிற ஆளுக்குத்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

சுரண்டுவதற்குச் சோம்பல்படுகிறவர்களுக்கு (நான் அந்தக் கட்சி) வந்ததுதான் ரெஃபியூஜியம். பொடிப் பாசிக்குப் பதிலாகக் கையால் அள்ளக்கூடிய பெரும் பாசி. முதலில் எல்லோரும் வைத்தது காலெர்ப்பா. கொடி மாதிரி ஓடும், பார்க்க அழகு, அசுர வளர்ச்சி. ஒரே ஒரு சிக்கல். சில நேரம் ஒரு ராத்திரியில், கொடி முழுவதும் தன் உடம்பை இனச்செல்லாக மாற்றித் தண்ணீரில் கொட்டிவிட்டு, வெளிறிய தோலாக நிற்கும். மூன்று மாதமாகச் சேர்த்ததெல்லாம் விடிவதற்குள் தண்ணீரில். தொட்டி பால் மாதிரி ஆகிவிடும். இதை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் காலெர்ப்பா பக்கம் போகவில்லை. அப்படிச் செய்யாத, சிக்கு விழுந்த நைலான் நூல் போன்ற கீட்டோமார்ஃபாவுக்கு மாறினார்கள். என் தொட்டியில் இருப்பதும் அதுதான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. காலெர்ப்பா இனச்செல் உண்டாக்குகிற விதத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே எழுதியவர்களில் ஒருவர் நம்ம ஆள். சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த எம்.ஓ.பி. ஐயங்கார், இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படுபவர். 1933-ல் அதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறார். அதற்கு முன்பே, 1927-ல், பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதியிருந்தார். அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காக்காரர் ஒருவரின் தொட்டி ராத்திரியில் ஏன் பாலாகிறது என்பதற்கான தாவரவியல் பதில், அப்போதே சென்னையில் எழுதப்பட்டிருக்கிறது. தொட்டிக்காரர்கள் யாரும் அதைத் தேடிப் படித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

காலெர்ப்பாவின் இன்னொரு கதை இன்னும் பெரியது. 1984-ல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, கடலடியில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா படர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். மீன் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் வகை. காட்சிசாலைத் தொட்டியிலிருந்துதான் தப்பியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கிருந்தவர்கள் நெடுங்காலம் அதை மறுத்து வாதாடினார்கள். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அது மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரவிவிட்டது. 2000-ல் கலிபோர்னியாவின் கழிமுகம் ஒன்றில் அதே பாசி தென்பட்டதும், அவர்கள் விவாதிக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, குளோரினை உள்ளே விட்டு, முழுசாகக் கொன்றார்கள். அழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. வீட்டுத் தொட்டிப் பாசியை வாய்க்காலில் கொட்டாதே என்று அனுபவசாலிகள் கத்துவது இதனால்தான்.

இனி நம்ம கடலுக்கு வருகிறேன்.

காரைக்குடிக்கும் கடற்பாசிக்கும் என்ன தொடர்பு என்றால், பழைய தொடர்பு கொஞ்சம் பகைதான். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அதன் வேலைகளில் ஒன்று, உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்ப்பது. அதற்காக மண்டபத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். கடலுக்குள் இறக்கிய எந்த உலோகத்தின் மீதும் முதலில் ஒரு வழவழப்பு படியும், அப்புறம் பாசி ஏறும், பின்னாலேயே கொட்டலசு வரும். அந்தத் துறைக்காரர்களுக்குப் பாசி என்றால் தடுக்க வேண்டிய ஒன்று. ஆச்சி சொன்ன ஊருணிப் பாசி மாதிரியே.

அதே மண்டபத்தில், பாசியைத் தேடிப் போனவர்களும் இருந்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கி, இரண்டு வருஷத்தில் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அங்கேதான் தலைமையகம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அது. பின்னாளில் அதே மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமானது. ரெஃபியூஜி, ரெஃபியூஜியம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். சும்மா சொன்னேன், கதைக்குத் திரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து வரும் அகர் நின்றுபோனதால்தான் இந்தியாவில் கடற்பாசிக்கு மவுசு வந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் மூழ்கி எடுத்தார்கள். அவர்கள் வைத்த பெயர்களைக் கேட்டாலே தெரியும், எவ்வளவு நெருக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா. பிற்பாடு 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகி, உள்ளே போவதே குற்றம் என்றானதும் அந்தப் பிழைப்புக்கு இடி. (மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கிருந்து பாறையோ பவளமோ எடுப்பதும், எடுத்தவரிடம் வாங்குவதும் வேண்டாம். 2001 முதல் பவளம் புலி, யானை இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது.)

எடுப்பதற்குப் பதில் வளர்ப்போம் என்று வந்ததுதான் கப்பாபைக்கஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சிவப்புப் பாசி. 1980களில் ஜப்பான் வழியாக குஜராத்துக்கு வந்து, 1990களின் நடுவில் மண்டபத்துக்கு வந்தது. கொண்டுவந்தது பவநகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம். பிறகு பெப்சி நிறுவனம் வணிக வளர்ப்பில் இறங்கியதால், கரையில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டு துண்டாக முடிந்துவிட்டால், 45 நாளில் அறுவடை. விதை வேண்டாம், உடைந்த துண்டே விதை. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆபத்தும் இருந்தது. 2005 டிசம்பரில் தமிழக அரசு, பாக் நீரிணையின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும்தான் வளர்க்கலாம் என்று ஆணை போட்டது. 2008-ல் கரண்ட் சயின்ஸ் இதழில், குருசடையில் அந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுகிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஐயங்கார் 1927-ல் தாவரப் பட்டியல் போட்ட அதே தீவில், எண்பது வருஷம் கழித்து, அவர் பட்டியலில் இல்லாத ஒரு விருந்தாளி. மொனாக்கோவில் ஒரு தொட்டியிலிருந்து நடந்தது, இங்கே ஒரு தெப்பத்திலிருந்து நடந்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இறால். 1990களில் நாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை பண்ணைக் குட்டைகள் முளைத்தன. தீனியும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்காலுக்கும் வயலுக்கும் போயிற்று. கிணறு உப்பாயிற்று. காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த நவீன இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அதன் பிறகு நீண்ட இழுபறி, கடைசியில் 2005-ல் ஒரு சட்டமும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையமும் வந்தன. அந்த ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைக்குக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் குட்டை கட்டாயம். அந்தக் குட்டையில் மட்டியும் ஆளியும் கடற்பாசியும் வளர்க்கலாம் என்கிறது. ரெஃபியூஜியம் என்ற பெயர் மட்டும்தான் இல்லை! என் மரக்கதவுக்குப் பின்னால் இருப்பதை அரசாங்கம் ஹெக்டேர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. நம் கரையில் பண்ணைகள் பெரும்பாலும் 5 ஹெக்டேருக்குக் கீழே என்பதால், அந்த விதி அவற்றைத் தொடுவதே இல்லை என்பது அதன் பலவீனம்.

கடலிலேயே இதைச் செய்து பார்த்ததும் நம் பாக் நீரிணையில்தான். மண்டபத்து மீன்வள ஆய்வாளர்கள், ராமநாதபுரம் மாவட்டம் முனைக்காட்டில் மீனவர்களோடு சேர்ந்து, கடல்விரால் வளர்க்கும் கூண்டைச் சுற்றி அரைவட்டமாகக் கப்பாபைக்கஸ் தெப்பங்களைக் கட்டினார்கள். ஒரு கூண்டுக்கு 16 தெப்பம், தெப்பத்துக்கு 60 கிலோ விதைப் பாசி, 45 நாள் சுற்று, நான்கு தடவை. கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த தெப்பத்தில் சராசரி 260 கிலோ, கூண்டு இல்லாத இடத்துத் தெப்பத்தில் 150 கிலோ. மீன் கழித்ததைப் பாசி தின்றிருக்கிறது, சந்தேகமே இல்லை.

ஆனால் கடல் சுத்தமாயிற்றா? தொட்டிக்குப் போட்ட அதே கணக்கை இங்கேயும் போட்டேன். இது என் காகிதக் கணக்கு, ஆய்வாளர்கள் சொன்னது இல்லை. விதை போக தெப்பத்துக்கு 200 கிலோ, 16 தெப்பம், நாலு சுற்று என்றால் 12,800 கிலோ ஈரப் பாசி. உலர் எடை பத்தில் ஒன்று, 1,280 கிலோ. கப்பாபைக்கஸில் நைட்ரஜன் குறைவு, ஒன்றிரண்டு சதவீதம் என்று வைத்தால் 13 முதல் 26 கிலோ. எதிர்ப்பக்கம், கூண்டில் ஒரு டன் கடல்விரால் வளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தீனி மத்தி போன்ற மலிவு மீன், ஒரு கிலோவுக்கு ஆறு கிலோ வேண்டியிருக்கும். ஆறு டன் மத்தியில் நைட்ரஜன் 160 கிலோவுக்கு மேல். மீன் உடம்பில் தங்குவது 30 கிலோ. மீதி 130 கிலோ கடலுக்கு. பாசி திரும்ப எடுத்தது அதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் இரண்டு பங்கு.

அதனால் "கடற்பாசி வளர்த்தால் கடல் சுத்தமாகும்" என்று யாராவது மேடையில் பேசினால், எத்தனை டன் வெளியே வந்தது என்று ஒரு கேள்வி கேட்கலாம். இதைச் சொல்வதால் முனைக்காட்டு முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. தெப்பத்துக்கு 110 கிலோ கூடுதல் என்பது, உச்சி வெயிலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு முடிகிற பெண்ணுக்குக் கூடுதல் வருமானம். கடலைச் சுத்தம் செய்கிற அந்தப் பத்து சதவீத வேலையையும் அவர்தான் கையால் செய்கிறார். அதற்கு அவருக்குத் தனியாகக் கூலி கிடையாது, பாசிக்கு மட்டும்தான் விலை. விலை படுத்து, தெப்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகும் நிலை வந்தால்? வெயில் கூடி ஒரே பருவத்தில் பாசி வெளுத்துச் செத்ததும் 2013-ஐ ஒட்டி நடந்திருக்கிறது. காலெர்ப்பா ஒரு ராத்திரியில் தொட்டிக்குச் செய்ததை, அழுகுகிற தெப்பம் ஒரு வாரத்தில் ஆழமில்லாத கடலுக்குச் செய்யும்.

இப்போது தொண்டிக்குப் பக்கத்தில், திருவாடானை வட்டம் வளமாவூரில், 127 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வேறு இருக்கிறது. அடுத்த தடவை தண்ணீர் எடுக்கப் போகும்போது கேனை வண்டியில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆச்சிக்கு இந்தக் கணக்கை எல்லாம் சொல்லவில்லை. போன ஞாயிறு கீழ்த்தொட்டியிலிருந்து பாசியை அள்ளி, உப்புப் போக நாலு தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "இதத்தான் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார். அலசினதைக் கொண்டுபோய்த் தன் வீட்டு முருங்கைக்குப் போட்டுக்கொண்டார்.